ஐந்து இலட்சம் பாலிசி இருந்தும் கண்புரைக்கு 38,000 ரூபாய்தானா?

கேள்வி: கோவில்பட்டி வாசகர், 2025 அக்டோபர் 6

என் தந்தைக்கு 71 வயது. இரண்டு கண்ணிலும் புரை. வலக்கண்ணுக்கு உடனே அறுவை செய்ய வேண்டும் என்கிறார் மருத்துவர். அவர் பெயரில் ஐந்து இலட்சம் ரூபாய்க்கு ஆரோக்ய சஞ்சீவனி பாலிசி இருக்கிறது. இது ஆறாம் ஆண்டு. தனியார் கண் மருத்துவமனையில் ஒரு கண்ணுக்கு 62,000 ரூபாய் கேட்கிறார்கள். காப்பீட்டு நிறுவனமோ 38,000 ரூபாய்க்கு மேல் தர இயலாது என்கிறது. ஐந்து இலட்சத்துக்குப் பணம் கட்டியவருக்கு 38,000 தருவது ஏமாற்று வேலை அல்லாமல் வேறு என்ன? முதியவர்களுக்குக் காப்பீடு வீண் செலவு என்பதே என் முடிவு.

பதில்: அக்டோபர் 6, மாலை

உங்கள் கோபம் நியாயமானது. ஆனால் நிறுவனம் கணக்கைத் தவறாகப் போடவில்லை. ஆரோக்ய சஞ்சீவனி என்பது காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் வகுத்துக் கொடுத்து, 2020 ஏப்ரல் முதல் எல்லா நிறுவனங்களும் ஒரே வாசகத்துடன் விற்கும் பாலிசி. அதில் கண்புரைக்குத் தனியாக ஓர் உச்சவரம்பு உண்டு: ஒரு பாலிசி ஆண்டில் ஒரு கண்ணுக்குக் காப்பீட்டுத் தொகையில் 25 விழுக்காடு, அல்லது 40,000 ரூபாய், இவற்றில் எது குறைவோ அது. ஐந்து இலட்சத்தில் 25 விழுக்காடு 1,25,000 ஆகிறது. 40,000 அதைவிடக் குறைவு என்பதால் அதுவே நிற்கும். அதன் பிறகு, எந்தக் கிளெய்மிலும் 5 விழுக்காட்டைப் பாலிசிதாரரே ஏற்க வேண்டும் என்ற விதியின்படி 2,000 ரூபாய் கழிகிறது. மிச்சம் 38,000.

ஒரு இலட்சம் ரூபாய் பாலிசிக்கு இந்த வரம்பு 25,000. காப்பீட்டுத் தொகை 1,60,000 ஆகும்போது அது 40,000த்தைத் தொட்டுவிடும். அதற்கு மேல் பாலிசியை எவ்வளவு உயர்த்தினாலும் கண்புரைக்காக ஒரு ரூபாய்கூட அதிகம் கிடைக்காது. பாலிசியின் முகப்பில் பெரிய எழுத்தில் அச்சிட்டிருக்கும் தொகைக்கும் கண்புரைக்கும் ஏறக்குறையத் தொடர்பே இல்லை என்பதை, விற்கும்போதே முதியவர்களிடம் எடுத்துச் சொல்லியிருக்க வேண்டும். சொல்லாமல் விற்பதுதான் எனக்கும் பொறுக்க முடியாததாக இருக்கிறது.

அக்டோபர் 7

62,000 ரூபாய்க்கான மதிப்பீட்டைத் தனித்தனியாகப் பிரித்து எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். லென்ஸுக்கு எவ்வளவு, அறுவை அரங்கக் கட்டணம் எவ்வளவு, மருத்துவர் கட்டணம் எவ்வளவு, எந்த வகை லென்ஸ் என்பவை அதில் தெரிய வேண்டும். அதைப் பார்க்காமல் மேற்கொண்டு எதையும் தீர்மானிக்க முடியாது.

அக்டோபர் 9

நான் நினைத்தது போலவே, அந்த 62,000த்தில் பெரும்பகுதி லென்ஸின் விலை என்று எழுதியிருக்கிறீர்கள். இதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். என் மாமனாருக்கும் என் தாயாருக்கும் அறுவை நடந்தபோது நாங்கள் அதிகம் குழம்பிய இடம் இதுதான்.

புரை என்பது கண்ணுக்குள் இயற்கையாக இருக்கும் லென்ஸ் மங்கிப்போவது. அதை அகற்றிவிட்டுச் செயற்கை லென்ஸ் ஒன்றை வைக்கிறார்கள். லண்டன் மருத்துவர் ஹெரால்ட் ரிட்லி 1949இல் முதன்முதலில் இதைச் செய்தார். 1967இல் அமெரிக்காவின் சார்லஸ் கெல்மன், மீயொலி அதிர்வால் புரையைக் கரைத்து உறிஞ்சும் ‘பேகோ’ முறையைக் கொண்டுவந்தார். இன்று தனியார் மருத்துவமனைகளில் பெரும்பாலும் பேகோதான். முகாம்களிலும் அரசு மருத்துவமனைகளிலும் தையல் போடாத சிறுகீறல் முறையும் பரவலாக நடக்கிறது. நல்ல கையில் இரண்டுமே நல்ல பார்வையைத் தருபவை.

விலையில் ஏணி வைத்தாற்போன்ற வேறுபாடு லென்ஸில்தான் வருகிறது. மோனோஃபோகல் லென்ஸ் ஒரே தூரத்துக்கு மட்டும் தெளிவு தரும். பொதுவாகத் தூரப்பார்வைக்கு வைப்பார்கள், படிப்பதற்குக் கண்ணாடி தேவைப்படும். டோரிக் லென்ஸ் கருவிழி வளைவின் கோணலையும் சேர்த்துத் திருத்தும். மல்டிஃபோகல் லென்ஸ் தூரத்துக்கும் கிட்டத்துக்கும் உதவுவதால் கண்ணாடியின் தேவையைக் குறைக்கும். ஆனால் சிலருக்கு இரவில் விளக்கைச் சுற்றி ஒளிவட்டம் தெரியும். விழித்திரையில் சர்க்கரை நோயின் பாதிப்போ முற்றிய கண்நீர் அழுத்த நோயோ (கிளாக்கோமா) உள்ளவர்களுக்கு மல்டிஃபோகல் பொதுவாக ஏற்றதன்று.

காப்பீட்டு நிறுவனங்கள் பெரும்பாலும் மோனோஃபோகலின் செலவையே ‘நியாயமான வழக்கமான கட்டணம்’ என்று ஏற்கின்றன; கண்ணாடி போடாமல் இருப்பதற்கான கூடுதல் செலவை வசதி என்று சொல்லி ஒதுக்கிவிடுகின்றன. இதில் எனக்கு நிறுவனங்களோடு பெரிய சண்டை இல்லை. 71 வயதில் நாளிதழ் படிக்க ஒரு கண்ணாடி போட்டுக்கொள்வது குறையே அல்ல. உங்கள் தந்தைக்குச் சொல்லியிருப்பது மல்டிஃபோகல் என்றால், நல்ல மோனோஃபோகல் லென்ஸுடன் என்ன ஆகும் என்று அதே மருத்துவமனையில் கேளுங்கள். தொகை வரம்புக்கு மிக அருகில் வந்துவிடக்கூடும்.

லென்ஸ் பெட்டியின் மேல் அதிகபட்ச விலை அச்சிட்டிருக்கும். பெட்டியில் ஒட்டியிருக்கும் அந்தச் சீட்டையும் லென்ஸின் விலைப்பட்டியலையும் கேட்டு வாங்கி வையுங்கள். அவை இல்லாமல் கிளெய்ம் நகராது.

அக்டோபர் 9, இரவு

ஒரு விடுபடல். உங்கள் பாலிசியில் வரம்பு ஒவ்வொரு கண்ணுக்கும் தனித்தனி. வேறு சில பாலிசிகளில் இரண்டு கண்ணுக்கும் சேர்த்து ஓர் ஆண்டுக்கு இவ்வளவு என்று எழுதியிருக்கும். அப்படிப்பட்ட பாலிசி வைத்திருப்பவர்கள், மருத்துவர் சம்மதித்தால், இரண்டாவது கண்ணைப் புதுப்பித்தலுக்குப் பிறகு வைத்துக்கொள்ளலாம்.

அக்டோபர் 13

மற்றொரு வாசகர் கேட்கிறார்: “தாயாருக்கு இப்போதுதான் புரை ஆரம்பம் என்கிறார்கள். இன்றே பாலிசி எடுத்தால் அடுத்த ஆண்டு அறுவைக்குப் பணம் கிடைக்குமா?”

கிடைக்காது. கண்புரை, குடலிறக்கம், மூட்டு மாற்று போன்ற குறிப்பிட்ட சிகிச்சைகளுக்குக் காத்திருப்புக் காலம் உண்டு. ஆரோக்ய சஞ்சீவனியில் கண்புரைக்கு அது 24 மாதம். மேலும், நோய் ஏற்கெனவே கண்டறியப்பட்டுவிட்டதால் அது ‘முன்பே இருந்த நோய்’ என்ற பிரிவிலும் சேர்கிறது. அந்தக் காத்திருப்பின் உச்சம் 2024 ஏப்ரல் முதல் 48 மாதத்திலிருந்து 36 மாதமாகக் குறைக்கப்பட்டிருக்கிறது. இரண்டும் பொருந்தும் இடத்தில் நீண்டது எதுவோ அதுவே செல்லும். விண்ணப்பத்தில் புரையை மறைத்து எழுதலாம் என்று முகவர் சொன்னால் அவர் பேச்சைக் கேட்காதீர்கள். மறைத்தது தெரிந்தால் கண்புரை மட்டுமல்ல, நாளை வரும் மாரடைப்புக்கான கிளெய்மும் அதோடு போய்விடும்.

புதுப்பிக்கும் தேதியையும் தவறவிடாதீர்கள். சலுகை நாள்களும் கடந்து பாலிசி அறுந்துவிட்டால், காத்திருப்பு மீண்டும் முதல் நாளிலிருந்து தொடங்கும். காப்பீட்டுத் தொகையை உயர்த்தினாலும், உயர்த்திய பகுதிக்குக் காத்திருப்பு புதிதாகத் தொடங்கும்.

அக்டோபர் 14

நேற்று எழுதியதன் தொடர்ச்சியாக, எங்கள் வீட்டில் நடந்ததைச் சொல்ல வேண்டும். இந்த இழையைப் படிப்பவர்கள் ஒன்றை மட்டும் நினைவில் வைப்பதானால் இதை வைத்துக்கொள்ளுங்கள் என்பேன்.

என் தாயாருக்கு அறுவை நடந்தபோது பாலிசி மூன்றாம் ஆண்டில் இருந்தது. 24 மாதக் காத்திருப்பு முடிந்திருந்தது. மருத்துவமனையில் சேர்க்கும்போது உதவியாளர் ஒருவர், “எவ்வளவு நாளாகக் கண் தெரியவில்லை, அம்மா?” என்று கேட்டார். அம்மா, “அது ஆகும் மூணு நாலு வருசம்” என்றார். அவர் மனத்தில் இருந்தது கிட்டப்பார்வைக் கண்ணாடியை மாற்றிய காலம். நோயாளியின் விவரங்களைப் பதியும் கேஸ் ஷீட்டில் ‘நான்கு ஆண்டுகளாகப் பார்வை மங்கல்’ என்று எழுதப்பட்டது. அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு, பாலிசி எடுப்பதற்கு முன்பே நோய் இருந்தது என்று கூறி நிறுவனம் கிளெய்மை மறுத்துவிட்டது.

அறுவை செய்த மருத்துவரிடம் நிலைமையை விளக்கினோம். அவர் பழைய கண் பரிசோதனைச் சீட்டுகளைப் பார்த்தார். பாலிசி எடுத்த காலத்துச் சீட்டில் கண்ணாடி எண் மட்டுமே இருக்கிறது, புரை பற்றிய குறிப்பு இல்லை என்று தெளிவுபடுத்திக் கடிதம் தந்தார். அதை இணைத்து நிறுவனத்தின் குறைதீர்ப்புப் பிரிவுக்கு எழுதிய பிறகே பணம் வந்தது. பழைய சீட்டுகளைத் தாயார் தலையணை உறைக்குள் பத்திரப்படுத்தி வைத்திருந்தார். அவை இல்லாவிட்டால் எங்களிடம் சொல்வதற்கு எதுவும் இருந்திருக்காது.

முதியவர்கள் காலத்தைத் தோராயமாகத்தான் சொல்வார்கள். அதில் பொய் எதுவும் இல்லை. ஆகவே சேர்க்கையின்போது உடன் இருங்கள். புரை என்று முதலில் சொன்னது எந்த மாதம், எந்த மருத்துவர் என்பதைச் சீட்டைப் பார்த்து நீங்களே சொல்லுங்கள். எழுதியதைப் படித்துப் பார்த்துவிட்டுக் கையெழுத்திடச் செய்யுங்கள்.

அக்டோபர் 17

“அப்படியானால் காத்திருப்புக் காலம் முடியும்வரை புரை முற்றட்டும் என்று விட்டுவிடலாமே” என்று ஒருவர் எழுதியிருக்கிறார். தயவு செய்து அப்படிச் செய்யாதீர்கள்.

புரை பழுத்த பிறகுதான் எடுக்க வேண்டும் என்பது பழைய அறுவை முறையின் காலத்து வழக்கம். இப்போது அன்றாட வேலைக்குப் பார்வை இடைஞ்சலாகும்போதே எடுத்துவிடலாம். மிகவும் முற்றிக் கெட்டியான புரையை பேகோவில் கரைக்க அதிக ஆற்றல் தேவைப்படுகிறது, சிக்கலும் கூடுகிறது. சிலருக்கு முற்றிய லென்ஸ் வீங்கிக் கண்ணின் அழுத்தத்தை ஏற்றிவிடும். அந்தச் சேதம் திரும்பாது. படி தெரியாமல் விழுந்து இடுப்பு எலும்பை முறித்துக்கொள்ளும் முதியவர்களை நம் தெருவிலேயே பார்க்கிறோம். 40,000 ரூபாய்க்காக ஒருவரை இரண்டு ஆண்டு அரைப்பார்வையில் உட்கார வைப்பது எனக்குச் சம்மதமில்லை.

அக்டோபர் 18

பணம் இல்லாதவர் என்ன செய்வார் என்ற கேள்விக்கு, தமிழ்நாட்டில் இருப்பவர்களுக்கு உறுதியான விடை உண்டு. அரசு மருத்துவமனைகளில் லென்ஸுடன் இலவசமாகச் செய்கிறார்கள். சென்னை எழும்பூர் அரசு கண் மருத்துவமனை 1819 முதல் இயங்குவது. பார்வையிழப்புத் தடுப்புக்கான தேசியத் திட்டம் 1976இல் தொடங்கியது. மாவட்டம்தோறும் நடக்கும் கண் முகாம்களுக்கு அதன் ஆதரவு இருக்கிறது. அதே 1976இல்தான் மதுரையில் டாக்டர் கோ. வெங்கடசாமி, அரசுப் பணியிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு, 11 படுக்கைகளுடன் அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். கட்டணம் செலுத்துவோரிடமிருந்து வரும் பணத்தால் செலுத்த முடியாதவர்களுக்கும் சிகிச்சை தருவது அதன் அமைப்பு. இறக்குமதி லென்ஸ் ஏழைகளுக்கு எட்டாத விலையில் இருந்ததால், அவர்கள் 1992இல் ஆரோலேப் என்ற சொந்த உற்பத்திக் கூடத்தைத் தொடங்கி, அந்த விலையில் ஒரு சிறு பங்குக்கு லென்ஸைச் செய்துகாட்டினார்கள்.

என் தாய்மாமாவை முகாமுக்கு அழைத்துச் செல்ல நாங்கள் பட்ட பாடு பெரிது. “இலவச ஆஸ்பத்திரிக்கா என்னைக் கூட்டிப் போகிறாய், நான் என்ன நாதியற்றவனா?” என்று சாப்பிடாமல் படுத்துவிட்டார். அத்தை பேசி, ஊர்த் தலையாரியும் அதே பேருந்தில் வருகிறார் என்று தெரிந்த பிறகே கிளம்பினார். முகாம் பேருந்திலேயே போய், அறுவை முடிந்து, சொட்டு மருந்தும் பச்சைத் துணிக் கண்மறைப்புமாகத் திரும்பி வந்தார். இன்று அவர் கோயில் திருப்பணிக் கணக்கைத் தானே எழுதுகிறார். தனியாரில் செலவழித்த என் மாமனாரின் பார்வைக்கும் அவருடைய பார்வைக்கும் எந்த வேறுபாட்டையும் நான் காணவில்லை. முகாம் என்றால் தரக்குறைவு என்ற எண்ணம் எத்தனை பேரை இருட்டில் வைத்திருக்கிறது என்பதை நினைத்தால் வருத்தமாக இருக்கிறது.

அக்டோபர் 22

அரசுக் காப்பீடு பற்றிப் பலர் கேட்டிருக்கிறீர்கள். ஆயுஷ்மான் பாரத் திட்டம் 2024 அக்டோபர் 29 முதல் 70 வயது நிறைந்த எல்லோருக்கும், வருமானம் பாராமல், குடும்பத்துக்கு ஆண்டுக்கு ஐந்து இலட்சம் ரூபாய் வரை என்று நீட்டிக்கப்பட்டது. தனியார் பாலிசி வைத்திருப்பவரும் இதில் சேரலாம். காத்திருப்புக் காலம் கிடையாது. தமிழ்நாட்டில் ஆயுஷ்மான் திட்டமும் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டமும் இணைந்தே நடக்கின்றன. எந்தச் சிகிச்சை எந்த மருத்துவமனையில் கிடைக்கும் என்பது அங்கீகாரப் பட்டியலைப் பொறுத்தது. எனவே அட்டையை எடுத்துக்கொண்டு நேரே சேரப் போகாமல், மருத்துவமனையின் காப்பீட்டு மேசையிலோ 14555 என்ற எண்ணிலோ கண்புரைக்கு இங்கே செல்லுமா என்று கேட்டுவிட்டுப் போங்கள்.

ஆலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்கள் மறந்துவிடும் ஒன்று, தொழிலாளர்களுக்கான அரசுக் காப்பீடான இஎஸ்ஐ. குறைந்தது ஐந்து ஆண்டு காப்பீட்டில் இருந்து ஓய்வு பெற்றவர், ஆண்டுக்கு 120 ரூபாய் கட்டினால் தமக்கும் வாழ்க்கைத் துணைக்கும் மருத்துவ வசதி தொடரும். இதைக் கட்டாமல் விட்டவர்களை விருதுநகர்ப் பக்கத்தில் நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

அக்டோபர் 25

முதலில் கேட்டவர், தம்பியின் நிறுவனக் குழுக் காப்பீட்டில் தந்தையின் பெயரும் இருப்பதாக இப்போது எழுதியிருக்கிறார். இது முழுக்கணக்கையும் மாற்றுகிறது. ஒரு பாலிசி வரம்பளவு கொடுத்த பிறகு மீதிச் செலவை இன்னொரு பாலிசியில் கோரலாம். நீங்கள் 62,000 செலவழித்து ஒன்றில் 38,000 பெற்றால், மிச்சமான 24,000த்தை மற்றொன்றின் நிபந்தனைகளுக்கு உட்பட்டுக் கேட்கலாம். குழுக் காப்பீடுகள் பலவற்றில் காத்திருப்புக் காலம் இல்லை. ஆனால் பெற்றோருக்கு 10 அல்லது 20 விழுக்காடு கோ-பே (பாலிசிதாரரே ஏற்க வேண்டிய பங்கு) இருக்கலாம், கண்ணுக்கான வரம்பும் இருக்கலாம். தம்பியிடம் பாலிசி வாசகத்தையே அனுப்பச் சொல்லுங்கள். வாய்மொழியாகக் கேட்டுத் தீர்மானிக்க வேண்டாம். முதல் நிறுவனத்தின் தீர்வுக் கடிதமும், மூல இரசீதுகள் அங்கே தங்கிவிட்டால் அவற்றின் சான்றளித்த நகல்களும் இரண்டாவதற்குத் தேவைப்படும்.

அக்டோபர் 29

“முதியவர்களுக்குக் காப்பீடு வீண்” என்று முதல் கேள்வியின் முடிவில் எழுதியதை இத்தனை நாள் யோசித்துக்கொண்டிருந்தேன். கண்புரைக்காக மட்டும் என்றால் அந்தக் கூற்று பெரும்பாலும் சரியே. 70 வயதுக்காரரின் ஓராண்டு பிரீமியம், இந்தப் பாலிசியில் ஒரு கண்ணுக்குக் கிடைக்கும் தொகையைத் தொடுவதோ தாண்டுவதோ அரிதல்ல. கண்புரை திட்டமிட்டு வருவது. வாழ்நாளில் இரண்டே முறை. செலவும் முன்கூட்டியே தெரியும். அத்தகைய செலவுக்குச் சேமிப்பே பொருத்தம்.

ஆனால் பாலிசியைக் கைவிடச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. இதய அடைப்பும் இடுப்பு முறிவும் சொல்லிக்கொண்டு வருவதில்லை. ஐந்து இலட்சம் அங்கேதான் உதவும். சூழலும் சற்று இளகியிருக்கிறது. 65 வயதுவரை உள்ளவர்களுக்குப் புதிய பாலிசி கொடுத்தால் போதும் என்ற விதி 2024 ஏப்ரலில் நீங்கியது. மூத்த குடிமக்களின் பிரீமியத்தை ஆணையத்தைக் கலக்காமல் ஆண்டுக்கு 10 விழுக்காட்டுக்கு மேல் உயர்த்தக் கூடாது என்று 2025 சனவரியில் ஆணை வந்தது. தனிநபர் பாலிசிகள்மீது இருந்த 18 விழுக்காடு ஜிஎஸ்டி 2025 செப்டம்பர் 22 முதல் இல்லை. பாலிசியே இல்லாத 60 வயதைக் கடந்த பெற்றோருக்கு நீங்கள் செலவழித்தால், பழைய வருமான வரிமுறையில் 50,000 ரூபாய் வரை கழிவு கோரலாம். ரொக்கமாகச் செலுத்தியது சேராது.

நவம்பர் 3

அறுவை முடிந்தும் மாலைவரை அனுமதிக் கடிதத்துக்காக முதியவரை உட்கார வைத்திருந்தார்கள் என்ற குறைக்கு: 2024 மே 29ஆம் நாள் சுற்றறிக்கையின்படி, கேஷ்லெஸ் கோரிக்கைக்கு (நிறுவனமே மருத்துவமனைக்கு நேரடியாகச் செலுத்தக் கேட்பது) ஒரு மணி நேரத்துக்குள்ளும், வீடு திரும்பும்போது இறுதி அனுமதிக்கு மூன்று மணி நேரத்துக்குள்ளும் நிறுவனம் முடிவு சொல்ல வேண்டும். அதைக் கடந்த தாமதத்துக்கு மருத்துவமனை கூடுதலாகக் கேட்கும் தொகை நிறுவனத்தைச் சேர்ந்தது. ‘24 மணி நேரம் தங்கவில்லை’ என்று கண்புரையை மறுக்கவும் முடியாது. அது அன்றே வீடு திரும்பும் டே கேர் சிகிச்சை.

மறுத்தால், எந்த நிபந்தனையின்படி என்று எழுத்தில் கேளுங்கள். முதலில் நிறுவனத்தின் குறைதீர்ப்பு அலுவலர். அவருடைய விடையில் நிறைவில்லை என்றாலோ 30 நாளில் விடையே வராவிட்டாலோ, காப்பீட்டுப் புகார்களை விசாரித்துத் தீர்க்கும் ஓம்புட்ஸ்மேன். நிறுவனம் மறுத்ததிலிருந்து ஓராண்டுக்குள் விண்ணப்பிக்க வேண்டும். கட்டணம் இல்லை, வழக்கறிஞரும் தேவையில்லை. தமிழ்நாட்டுக்கும் புதுச்சேரி நகருக்கும் காரைக்காலுக்கும் சென்னை அலுவலகம்.

நவம்பர் 11

கோவில்பட்டி நண்பரின் தந்தைக்கு வலக்கண் அறுவை நல்லபடியாக முடிந்தது; மோனோஃபோகல் லென்ஸே வைத்தார்கள் என்று எழுதியிருக்கிறார். மிக்க மகிழ்ச்சி. சொட்டு மருந்துச் சீட்டுகளையும் மறுபரிசோதனை இரசீதுகளையும் அறுவைக்குப் பின் 60 நாள் வரை சேர்த்து வையுங்கள். அந்தப் பாலிசியில் அவையும் சேரும், ஆனால் அதே 40,000 வரம்புக்குள். மூக்குக் கண்ணாடிக்குப் பணம் வராது.

அவர் கடைசியாகக் கேட்டிருப்பது: மாதங்களோ ஆண்டுகளோ கழித்து மீண்டும் மங்கினால் புரை திரும்ப வந்துவிட்டதாகுமா? இல்லை. செயற்கை லென்ஸுக்குப் பின்னால் இருக்கும் மெல்லிய சவ்வு சிலருக்கு மங்கும். யாக் லேசரால் சில நிமிடங்களில், கத்தி வைக்காமல், அதில் வழி திறந்துவிடுவார்கள். புறநோயாளியாகவே முடிந்துவிடுவதால் நிறுவனங்கள் இதைப் பல நேரம் ஏற்பதில்லை. உங்கள் பாலிசியின் டே கேர் பட்டியலில் இருக்கிறதா என்று முன்பே பாருங்கள். செலவு அறுவையோடு ஒப்பிட மிகக் குறைவு. இடக்கண்ணின் தேதி முடிவானதும், சேர்க்கைக்கு முன்பாகக் கேஸ் ஷீட் பற்றி அக்டோபர் 14ஆம் தேதி எழுதியதை ஒருமுறை தம்பிக்கும் அனுப்பிவிடுங்கள்.